பங்காளி வயல்

தன் வயலைப் பார்த்தும் அடையாளம் தெரியாத ஆள் இருக்க முடியுமா என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். நிறைந்த கூடத்தில், ஒலிபெருக்கியில் கேட்டேன். கேள்வியில் தவறில்லை என்று பல நாள் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போது வாதாடுவதில்லை.

நான் பொருளியல் வாத்தியார். ஓய்வுபெற்றுத் தஞ்சாவூரிலேயே இருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. அப்பா அதை விற்றுத்தான் எங்களைப் படிக்கவைத்தார். விவசாயக் கூலியைப் பற்றித்தான் என் ஆராய்ச்சிப் பட்டம். ஆனால் அதற்காக நான் ஒரு வரப்பில் கூட நடந்ததில்லை. அரசு அறிக்கைகளை வைத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். அதனால்தானோ என்னவோ, வயதான பிறகு, வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு ஒரு ஆசை. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்கள் வருடந்தோறும் தங்கள் ஆய்வுகளை எடுத்துச் சொல்வார்கள். நடுவராக என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு சால்வை, காபி, மதியம் சாப்பாடு. சால்வைகள் பீரோவில் குவிந்து கிடக்கின்றன. நான் போவது கேட்பதற்காக.

வேதாரண்யத்துப் பையன் ஒருவன் மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிகள் என்ன செய்கிறார்கள் என்று சொன்னான். முத்துப்பேட்டைப் பெண்கள் இருவர், அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்டும் படகுக்காரர்கள் முறை வைத்துக்கொள்வதையும் அந்த முறையில் வருகிற சண்டைகளையும் சொன்னார்கள். நான் ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டேன். மாணவர்களுக்கு என்னைப் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். மற்ற நடுவர்கள் அட்டவணையில் பிழை தேடுவார்கள். நான் கதை கேட்பேன்.

அந்தப் பெண் பேச வந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கார்த்திகை மாதம். மழை விட்டு அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. பாதிக் கூடம் தூங்கிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில், ஒரு சின்ன ஊர் அவளுடையது.

"எங்க தெருவுல பாதி ஆம்பளைங்க சிங்கப்பூர்ல இருக்காங்க. ஆனா இங்க விவசாயம் பண்றது அவங்கதான். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

தூங்கியவர்கள் விழித்தார்கள்.

அவள் விவரித்தது இதுதான். சாயங்காலம் ஆனால் பெண்கள் கைப்பேசியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி வரப்பில் நடப்பார்கள். அந்தப் பக்கம் வேலை முடிந்து அறைக்கு வந்த கணவர், கட்டிலில் உட்கார்ந்து தன் நிலத்தைச் சுற்றிப் பார்ப்பார். இன்னும் கீழே காட்டு, அந்த இலையைத் திருப்பு, மடையை ஏன் திறந்து வைத்திருக்கிறாய், நாளைக்கு உரம் போடு. இதைத் தொலைவிலிருந்து செய்யும் நிர்வாகம் என்று எவரும் எழுதிவிடலாம். அவள் அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்களோடு ஒரு மாதம் வரப்பில் நடந்திருக்கிறாள். காட்டுவதைவிடக் காட்டாததுதான் அதிகம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். மருந்து அடித்தாயா என்று கேட்டால் ஒரு வீட்டில் பழைய டப்பாவைக் காட்டுவார்கள். இன்னொரு வீட்டில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஆடுகள், அழைப்பு வரும் நேரத்துக்குச் சரியாகக் கொல்லைப் பக்கம் போய்விடும்.

"ஒரு வீட்ல வயலையே மாத்திக் காட்டுறாங்க" என்றாள்.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அந்த வீட்டுக்காரருக்கு நடவுதான் விவசாயம். நாற்றங்காலில் நாற்று வளர்த்து, பறித்து, ஆள் வைத்து வரிசையாக நட வேண்டும். அவர் அப்பாவும் அப்படித்தான் செய்தார். ஆனால் கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்த அம்மாள் கணவரிடம் சொல்லாமல் புழுதியிலேயே விதையைத் தெளித்துவிட்டார். விதைத்த வயலில் வரிசை இருக்காது. பார்க்க ஒழுங்காகவும் இருக்காது. பக்கத்து வயல் கணவருடைய பங்காளியுடையது. இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. பங்காளிக்கு ஆழ்துளைக் கிணறு உண்டு. அழகாக நட்டிருக்கிறார். சாயங்காலமானால் இந்த அம்மாள் கைப்பேசியில் காட்டுவது பங்காளியின் வயலை.

"இரும்மா" என்றேன். "அவர் பொறந்து வளர்ந்த எடம். தன் வயலே தெரியாத ஆள் உண்டா?"

"போன்ல தெரியாது சார். வரப்புல ஒரு பனமரம் இருக்கு. அது படத்துல விழாம புடிச்சா எல்லா வயலும் ஒன்னுதான்."

"லீவுல வரமாட்டாரா?"

"வர்றது கோடையில சார். அப்ப வெறுந்தரைதான்."

"நீ கண்ணால பாத்தியா?"

"பக்கத்துல நின்னேன் சார்."

"அப்ப ஏதாவது ஆதாரம் இருக்கணுமே?"

அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். "வீடியோ இருக்கு சார். யாருக்கும் காட்டமாட்டேன்னு சொல்லித்தான் எடுத்தேன்."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவதற்கு நல்ல இடம் அது. அவளே வாசலைக் காட்டிவிட்டாள்.

"முகம் தெரியுதா?"

"இல்ல சார். முதுகுதான்."

"பின்ன என்ன? ஆதாரம் இல்லாம சொன்னா அது ஆராய்ச்சி இல்லம்மா, வம்பு."

கூடம் சிரித்தது. அவள் தன் பேராசிரியரைப் பார்த்தாள். மூத்த நடுவர் கேட்கிறபோது அவர் என்ன செய்வார், தலையாட்டினார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒரு பெண்ணின் முதுகு, நீட்டிய கை, பச்சை வயல். "பாருங்க, நடவு எப்புடி பச்ச கட்டியிருக்குன்னு" என்கிறது பெண் குரல். கைப்பேசிக்குள்ளிருந்து ஆண் குரல்: "நம்ம வயல் நம்ம வயல்தான்டி. அந்தப் பய வயல கொஞ்சம் காட்டு." கை மெல்ல வலப்பக்கம் திரும்புகிறது. அங்கே திட்டுத் திட்டாக ஒரு விதைப்பு. "அட, கோழி கெளறுன மாதிரி கெடக்கு! விவசாயம் பாக்குறானாம் விவசாயம்!" பெண் குரல் சிரிக்காமல் சொல்கிறது: "ஆமாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, "தன் வயலைத் திட்டிப் பங்காளி வயலைப் புகழ்ந்த ஒரே மிராசுதார் இவராத்தான் இருப்பார்" என்றேன். கைதட்டினார்கள். அவளுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன்.

நிகழ்ச்சியைப் படம் எடுத்த மாணவன் ஒருவன், நான் நன்றாகப் பேசியிருக்கிறேன் என்று அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பினான். அதில் திரையும் தெரிந்தது, குரல்களும் கேட்டன, கடைசியில் நானும் என் மிராசுதாரும். இரண்டு முறை பார்த்தேன். பிறகு என் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினேன். உங்கள் வாத்தியார் இன்னும் ஓயவில்லை என்று மேலே ஒரு வரி. வேறு யாரோ பரப்பினார்கள் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அனுப்பியது நான்.

ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"சார், அந்த வீடியோவ யாருக்காச்சும் அனுப்புனீங்களா?"

"பழைய பசங்களுக்கு மட்டும்தான்."

"அதுல சிங்கப்பூர்ல யாராவது இருக்காங்களா சார்?"

இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அங்கே இருக்கும் நம் பக்கத்து ஆட்களின் குழுவில் போட்டிருக்கிறான். அது கட்டில் கட்டிலாகப் போய், அந்த மனிதருடைய கட்டிலுக்கும் போயிருக்கிறது. முகம் எதற்கு? அவருடைய குரல் அவருக்குத் தெரியாதா?

அவள் என்னைத் திட்டவில்லை. நான் கேட்காத ஒன்றைச் சொன்னாள். அந்த அம்மாள் அவளுக்குச் சித்தி முறை. "ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார், சித்தி மாத்திக் காட்டுறது. ஒரு வீட்ல போன்ல காட்டாதத இன்னொரு வீட்ல சொல்லமாட்டாங்க. சண்டைக்காரங்க கூட சொல்லமாட்டாங்க. அவங்கவங்க வீட்லயும் ஏதாவது ஒன்னு இருக்கும்ல."

பேசி வைத்துக்கொள்ளாத அந்த ஏற்பாட்டை நினைத்து நான் வியந்தேன். வியந்த பிறகுதான் அதை உடைத்தது நான் என்று உறைத்தது. என் புத்தி அந்த வரிசையில்தான் வேலை செய்கிறது.

கணவர் மனைவியிடம் ஒரு சத்தமும் போடவில்லையாம். பக்கத்து ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தை அறுவடை முடிந்ததும் நிலத்தை நீங்களே குத்தகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு அது மூன்றாம் பேர் வழியாகத்தான் தெரிந்தது. சாயங்கால அழைப்பு நின்றுபோயிற்று.

சில நாள் நான் அந்த அம்மாளைக் குற்றம் சொல்லிப் பார்த்தேன். பொய் சொன்னது அவர்தானே. வாதம் பலமாகத்தான் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை. ஒரு நாள் காலை பஸ் ஏறினேன். மாணவி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து அழைத்துப்போனாள்.

சிமெண்டுக் கூரை போட்ட சின்ன மாடி வீடு. நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவருதான் அந்தச் சிரிச்ச சாரா?" என்றார் மாணவியிடம். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க. டீ குடிப்பீங்களா, சக்கர போடலாமா?"

மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது தயார்செய்த வாக்கியங்கள். பாதியிலேயே கையமர்த்தினார்.

"அத வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது. வீடியோவால கூட அவருக்குக் கோவம் இல்ல. மிராசுதார்னு ஒன்னு சொன்னீங்க பாருங்க. அதத்தான் தாங்கலயாம்."

"அவர்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேம்மா, விதைக்கிறதா?"

"சொல்லாமலா? மொத வருஷமே சொன்னேன். விதைக்கிறவன் ஆள் வைக்க வக்கில்லாதவன், எங்கப்பன் மானத்த வாங்காதேன்னாரு. தண்ணி வராம நாத்து முத்திப்போச்சு. நட்டதும் மழ வந்து முங்கிடுச்சு. அடுத்த வருஷம் கேக்கல, தெளிச்சுட்டேன். நல்லா வெளஞ்சுது. நல்லா வெளஞ்சதுக்கப்பறம் எப்புடி சார் சொல்றது?"

நான் அவரிடம் பேசுகிறேன் என்றேன்.

"பேசறத விட, காட்டுங்க. நான் காட்டுனா இனிமே எதையும் நம்பமாட்டாரு. நீங்க ஆதாரம் கேக்குற ஆளுதானே."

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். மாணவி என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரப்பில் நடந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சேறு விரலிடுக்கில் ஏறியது. பனைமரம் உண்மையிலேயே இருந்தது, கொஞ்சம் சாய்ந்து. பங்காளி தன் வயலின் தாழ்வான மூலையில் டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், இன்னைக்கு யாரு வயல காட்டப் போறீங்க?"

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

மாணவி அந்த அம்மாளின் கணவரைக் கைப்பேசியில் அழைத்துக் கொடுத்தாள். இரண்டாவது முறைதான் எடுத்தார். பின்னால் அடுக்குக் கட்டில், அதில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகள். மரியாதையாகத்தான் பேசினார். "வணக்கம் சார். நீங்கதானா அது." நான் வருத்தம் தெரிவித்தேன். "வயலைப் பாருங்க" என்று கைப்பேசியைத் திருப்பினேன்.

அடர்த்தியாகப் பயிர் நின்ற பக்கமாக என் கை தானாகப் போயிற்று. யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு உதவ வேண்டும் என்ற நினைப்பு கையில் இறங்கிவிட்டது. அங்கேயே நிறுத்திப் பிடித்திருந்தேன்.

"சொட்டையையும் காட்டுங்க சார்" என்றார் அந்த அம்மாள் பின்னாலிருந்து. "இல்லன்னா அதுக்கும் ஒரு வீடியோ வந்துரும்."

முளைக்காத திட்டுகளைக் காட்டினேன். களை மண்டிய ஓரத்தைக் காட்டினேன். பனைமரத்தைக் காட்டினேன்.

"கோழி கெளறுன மாதிரிதான் கெடக்கு" என்றது கைப்பேசி.

"கெளறுனது உங்க வீட்டுக் கோழிதான்" என்றார் அந்த அம்மாள், நெருங்காமலே.

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு, "பக்கத்து வயலயும் காட்டுங்க சார்." காட்டினேன். நட்ட வயலின் மூலையில் பயிர் முழுகிக் கிடந்தது. இன்ஜின் சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். முன்னாலேயே விதைத்ததால் இந்தப் பக்கம் பயிர் உயர்ந்துவிட்டது, தண்ணீருக்கு மேலே நின்றது. எனக்கே அந்த வித்தியாசம் தெரிந்தது.

"பயிரு நல்லாதான் இருக்கு" என்றார்.

நான் அவசரப்பட்டேன். "அப்ப நிலத்தை இவங்களே தொடர்ந்து பாத்துக்கிட்டா..."

"பயிருக்கு என்ன சார். எங்க ரூம்ல எல்லாம் திருவாரூர், மன்னார்குடி ஆளுங்க. காலையில பல்லு வெளக்கப் போனா, மிராசுதார் வர்றாரு வழி விடுங்கங்கிறான். ஃபோர்மேன் கூட இப்ப அப்படித்தான் கூப்புடுறாரு, அவருக்கு அர்த்தம் கூடத் தெரியாது. அதுக்கு நீங்க என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

பேச்சுத்தான் என் தொழில். நாற்பது வருடம் அதில்தான் சோறு தின்றேன்.

"அறுப்பு வரைக்கும் அவ பாக்கட்டும். அக்கா வீட்டுக்காரர்கிட்ட வார்த்த கொடுத்துட்டேன். இன்னொரு தடவ மாத்திச் சொல்லி, அதுக்கும் சிரிக்க வைக்கணுமா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பி நடந்தோம். அந்த அம்மாள் முன்னால் போனார். நான் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய பனைமரத்தை எப்படித் தினமும் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

நின்று திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "மரத்துல தோள சாச்சுக்குவேன் சார்" என்றார். "வெயிலு மூஞ்சில அடிக்குது, நெழல்ல நிக்கிறேம்பேன். சரி சரி நில்லுன்னு சொல்லுவாரு. மழ நாள்ல கூட கேக்க மாட்டாரு, எங்கேர்ந்துடி வெயிலுன்னு."

நான் ரசித்தேன். அந்த நேரத்தில், அவருடைய நிலம் கைவிட்டுப்போன அதே சாயங்காலத்தில், எனக்கு அது சுவையாக இருந்தது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் அதன் பிறகு பஸ் நிறுத்தம் வரை என்னோடு பேசவில்லை. பஸ் வந்தபோது மாணவியிடம் மட்டும், "சாருக்கு உக்கார எடம் கெடைக்குதான்னு பாரு" என்றார்.

மாணவியும் தப்பவில்லை. தெருவில் அவளைக் கண்டால் பெண்கள் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்களாம். அந்த அத்தியாயத்தை அவள் ஆய்விலிருந்து எடுத்துவிட்டாள். வெளிநாடு போனவர்களைப் பற்றிய அரசு அறிக்கைகளை வைத்து வேறொன்று எழுதினாள். எந்த அறிக்கை எங்கே கிடைக்கும் என்று என்னிடம்தான் கேட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சொல்லிக்கொடுத்தேன்.

தையில் அறுவடை நன்றாக இருந்ததாகச் சொன்னாள். நிலம் கைமாறியது. அடுத்த சம்பாவுக்கும் தண்ணீர் வருவது தள்ளிப்போனதாம். அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டு, இந்தத் தடவை நட முடியாது மாப்பிள்ளை, விதைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். பார்த்துச் செய்யுங்கள் மாமா என்று பதில் வந்ததாம். அவ்வளவுதான் பேச்சு.

"சித்தி என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னும் சொல்றதில்ல சார். சாயங்காலம் போன் வருது, மறுபடி பேசிக்கிறாங்க. சித்தி வாசல்ல நின்னுக்கிட்டு பசங்களக் காட்டுறாங்க."

வயலை இப்போது அக்கா வீட்டுக்காரர் காட்டுகிறார். சொட்டை, களை எல்லாம் தெரிகிறதாம். பனைமரமும் தெரிகிறதாம்.